சிகரெட்டுக்குக் கடை இருக்கிறது. விடுவதற்கு வழி எங்கே?

'வேப்பிங் சிகரெட்டைவிட நல்லது' என்கிறார்கள். அதில் உண்மை எவ்வளவு? அந்த உண்மையால் காரைக்காலுக்குப் பயன் எவ்வளவு?

காரைக்காலுக்குக் கிழக்கே கடல். மற்ற மூன்று திசைகளில் எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் அரை மணி நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர், வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி, மேற்கே அம்பகரத்தூர் தாண்டினால் திருவாரூர் மாவட்டம். எல்லையைத் தாண்டியதும் பெட்ரோல் விலை மாறும். மதுபான விலை மாறும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் மலிவு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி.

இரண்டு பொருள்களுக்கு மட்டும் இந்த எல்லைக் கோட்டால் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்று, பீடியும் சிகரெட்டும். இரு பக்கமும் பெட்டிக்கடைதோறும் கிடைக்கும். இன்னொன்று, இளைஞர்கள் 'வேப்' என்று சொல்லும் இ-சிகரெட். இரு பக்கமும் விற்கக் கூடாது. தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. புதுச்சேரியும் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே தடை விதித்த பகுதிகளில் ஒன்று. 2019-இல் நாடு முழுவதும் தடை வந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வேப்பில் தீ இல்லை, சாம்பல் இல்லை, தார் இல்லை. பல நாடுகளின் மருத்துவர்களே அது சிகரெட்டைவிடக் கெடுதல் குறைந்தது என்கிறார்கள். அப்படியிருக்க, கெடுதல் குறைந்ததைத் தடை செய்துவிட்டு, கெடுதல் கூடியதைத் தெருவுக்குத் தெரு விற்பது என்ன நியாயம்? இதை விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியாது. புகையை விட முடியாமல் தவிக்கும் ஒவ்வொருவரும் கேட்க உரிமையுள்ள கேள்வி இது.

எமன் எரிவதில் இருக்கிறான்

சிகரெட்டில் உயிரை வாங்குவது எது என்று கேட்டால் பலரும் நிக்கோட்டின் என்பார்கள். நிக்கோட்டின் ஆளை அடிமையாக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அடுத்ததைத் தேட வைக்கும். இதயத் துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்புக்கும் முதன்மைக் காரணம் அது இல்லை; புகையிலை எரிவதுதான்.

ஒரு இழுப்பு இழுக்கும்போது சிகரெட்டின் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. நுரையீரலில் படிகிற தார், ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்ஸைடு, ரத்தக் குழாயின் உட்சுவரைப் பாதிக்கும் நுண்துகள்கள் எல்லாம் அந்த நெருப்பிலிருந்து வருபவை.

வேப்பில் புகையிலை எரிவதில்லை. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. புரொப்பிலின் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் கலந்த திரவம் ஆவியாகிறது. நெருப்பில்லாததால் கார்பன் மோனாக்ஸைடும் தாரும் இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஆவியில் இல்லை, அல்லது மிகக் குறைந்த அளவில் இருக்கின்றன. சிகரெட்டிலிருந்து முழுவதுமாக வேப்புக்கு மாறியவர்களின் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தபோது, நச்சுப் பொருள்களின் அளவு கணிசமாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பக்கத்தில் இருக்கும் மனைவி மக்களுக்கும் புகையைவிட ஆவியால் வரும் கெடுதல் குறைவு.

இந்தக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர். தானும் புகைப்பழக்கத்தில் சிக்கியவர். புகைபிடித்த தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003-இல் அவர் உருவாக்கியது ஃபேஷனுக்காக இல்லை, சிகரெட்டை விடுவதற்காக.

இங்கிலாந்து சொன்னதும் செய்ததும்

2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, இ-சிகரெட் சாதாரண சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் கெடுதல் குறைந்தது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு லண்டனின் ராயல் மருத்துவர் கல்லூரியும் ஏறக்குறைய இதே கருத்தைச் சொன்னது. அந்த 95 என்ற எண் நிபுணர்களின் மதிப்பீடுதானே, நீண்டகால ஆய்வின் முடிவு இல்லையே என்று மருத்துவ இதழ்கள் விமர்சித்தன. அந்த விமர்சனம் நியாயமானது. முப்பது, நாற்பது வருடம் வேப் இழுத்தவரின் நுரையீரல் எப்படி இருக்கும் என்று யாராலும் இன்னும் சொல்ல முடியாது. கருவியின் வயதே இருபது சொச்சம்தான்.

அதைவிட உறுதியான சான்று 2019-இல் வந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் புகையை விட வந்த 886 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை. இன்னொரு பிரிவுக்கு இ-சிகரெட். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 9.9 சதவீதம் பேரும் இரண்டாவது பிரிவில் 18 சதவீதம் பேரும் புகையை விட்டிருந்தார்கள். ஏறக்குறைய இரு மடங்கு.

இந்த ஆய்வை வேப்பிங் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு விவரங்கள் உண்டு. முதலாவது, இரண்டு பிரிவினருக்குமே குறைந்தது நான்கு வாரம், வாரந்தோறும் நேரில் ஆலோசனை தரப்பட்டது. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு 'போய் வா' என்று அனுப்பவில்லை. இரண்டாவது, வேப்பின் உதவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை. புகை போனது, நிக்கோட்டின் போகவில்லை.

இங்கிலாந்தில் விற்கும் வேப்புக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 20 மில்லி கிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது. திரவம் நிரப்பும் கலம் 2 மில்லி லிட்டரைத் தாண்டக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியதால், தீர்ந்ததும் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் அந்த நாடே தடை செய்துவிட்டது.

ஆக, வேப்பின் நன்மை என்று சொல்லப்படுவது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. இழுப்பவர் ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவராக இருக்க வேண்டும். சிகரெட்டை முழுவதுமாக நிறுத்த வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது சோதித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும்.

கணக்கு மாறும் மூன்று இடங்கள்

முதல் நிபந்தனை தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. 2019-இல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் இழுப்பதாகக் கணக்கெடுப்பு சொன்னது. அவர்களில் பலர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்கள். சிகரெட் பிடிக்காத பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேப் 95 சதவீதம் கெடுதல் குறைந்த பொருளாகாது. அதுவரை இல்லாத கெடுதல், புதிதாக வந்து சேர்கிறது. வளரும் மூளையில் நிக்கோட்டின் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும். அடிமைத்தனமும் வேகமாகப் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது நிபந்தனைதான் பலருக்குத் தெரியாதது. 'முன்பு ஒரு நாளைக்கு இருபது, இப்போது வேப் இருப்பதால் இரண்டு மூன்றுதான்' என்று ஆறுதல்பட்டுக் கொள்பவர்கள் உண்டு. நுரையீரலுக்கு ஓரளவு நல்லது. இதயம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. வெளியே போனால் வேப், டீக்கடைக்கு வந்தால் சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவரின் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம்.

மூன்றாவது நிபந்தனை, உள்ளே என்ன இருக்கிறது என்பது. 2019-இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களில் 2,807 பேர் கடுமையான நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். உயிரிழந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட் என்ற பொருளே முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. சிங்கப்பூரில் 2018 முதல் வேப்பை வாங்குவதும், வைத்திருப்பதும், இழுப்பதும் குற்றம். ஆனாலும் கள்ளத்தனமாக வந்த வேப்புகளில், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கப் பயன்படும் எட்டோமிடேட் மருந்தைக் கலந்து விற்றார்கள். 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்து அந்த நாடு தண்டனையைக் கடுமையாக்கியது. சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை பார்க்கும் டெல்டா குடும்பங்கள் ஏராளம். இந்தச் செய்தி அவர்கள் காதில் விழ வேண்டும்.

தடை வந்த கதை

இந்தியாவில் 2019 மே மாத இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, இ-சிகரெட்டை முழுமையாகத் தடை செய்யப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வரப்போவதை அறிவித்தவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சேமித்து வைப்பதும் குற்றம்.

பிள்ளைகளைக் காப்பது என்ற நோக்கத்தில் பார்த்தால் அந்தத் தடைக்கு வலுவான நியாயம் உண்டு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இ-சிகரெட் பயன்படுத்திய பெரியவர்கள் 0.02 சதவீதம் பேர்தான். பரவுவதற்கு முன்பே கதவைச் சாத்த வேண்டும் என்று அரசு நினைத்தது. ஆனால் அதே கணக்கெடுப்பில் புகைபிடிக்கும் பெரியவர்கள் 10.7 சதவீதம், ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர். அவர்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம் என்று கேட்டால், தடையின் குறை தெரியும். ஒரு கதவைச் சாத்திய வேகம், இன்னொரு கதவைத் திறப்பதில் இல்லை.

நம்மால் முடியாத காரியம் இல்லை இது. 2008 அக்டோபர் 2 அன்று பொது இடங்களில் புகைப்பதற்கான தடையை நாடு முழுவதும் அமலுக்குக் கொண்டுவந்தவர் அன்றைய மத்தியச் சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். பேருந்துக்குள்ளும் தியேட்டருக்குள்ளும் புகை மண்டிக் கிடந்த காலம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. புகைப்பதையும் மெல்லுவதையும் சேர்த்து, 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்த புகையிலைப் பழக்கம் 2016-17-இல் 28.6 ஆகக் குறைந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அது சுமார் 11 சதவீதம்தான். நாட்டிலேயே குறைவான இடங்களில் ஒன்று. பழக்கம் இல்லாதவர்கள் பெருகிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் விட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களைக் கைவிடுவதற்குக் காரணமே இல்லை.

பீடிக்காரருக்கு வேப் எதற்கு?

'சிகரெட்டா, வேப்பா' என்ற விவாதத்தில் ஒருவர் காணாமல் போகிறார். அதே 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். கடலுக்குப் போகிறவரும், வயலில் நிற்பவரும், துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுபவரும் சில பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கிவிடலாம். கள்ளச்சந்தை வேப் ஒன்றின் விலை ஆயிரத்தைத் தாண்டும். வேப்பால் பயன் பெறக்கூடிய முதிர்ந்த புகைப்பழக்கக்காரருக்கு அது எட்டாது. எட்டுகிற வசதி உள்ள கல்லூரிப் பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை.

பீடி சின்னதுதானே, இலைதானே என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. பீடிக்கு ஃபில்டர் கிடையாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

இதற்கான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ குழுவினருடன் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார். 2003-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம். புகை என்றால் புற்றுநோய் மட்டும்தான் என்று நினைத்திருந்த மருத்துவ உலகத்துக்கு அது பெரிய பாடம்.

2008-இல் வந்த இன்னொரு தேசிய ஆய்வு ஆயுளையே கணக்குப் போட்டது. பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக ஆறு வருடத்தையும், பீடி பிடிக்கும் பெண் எட்டு வருடத்தையும், சிகரெட் பிடிக்கும் ஆண் பத்து வருடத்தையும் இழக்கிறார்கள். கூலி வேலையில் இருக்கும் குடும்பத்தில் ஆறு வருடம் என்பது மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அடங்கிய காலம்.

பிரான்ஸிலிருந்து வரும் பெட்டி

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் காரைக்கால். 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. இன்றும் விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். அங்கே வேப் சட்டப்படி கடையில் கிடைப்பது. இங்கே பெட்டியில் கொண்டுவந்தாலே அது தடை செய்யப்பட்ட இறக்குமதி. விமான நிலையச் சுங்கத்தில் பறிபோவதோடு முடியாமல் போகலாம். வெளிநாட்டு உறவினருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பிரான்ஸிடமிருந்து காரைக்கால் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலை 12 யூரோவைத் தாண்டிவிட்டது. 2025 பிப்ரவரியில் தீர்ந்ததும் தூக்கி எறியும் 'பஃப்' வகை வேப்புகளைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அதே ஆண்டு கோடையில் கடற்கரையிலும் பூங்காவிலும் புகைக்கத் தடை வந்தது. இவ்வளவு கண்டிப்போடு இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், நிக்கோட்டின் பட்டைக்கும் சூயிங்கத்துக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதியை அரசு நலக் காப்பீடு ஏற்கிறது. ஒரு கையால் தடுக்கிறார்கள். மறு கையால் தூக்கிவிடுகிறார்கள்.

விட நினைப்பவர் கையில் என்ன இருக்கிறது?

2016-17 கணக்கெடுப்பில் புகைபிடிப்பவர்களில் 55 சதவீதம் பேர் விடத் திட்டமிடுவதாக அல்லது விடுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் முயன்றும் பார்த்திருந்தார்கள். பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல், வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்கியவர்கள். மூன்றாம் நாள் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வந்ததும் மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று வீட்டில் திட்டக் கூடாது. நிக்கோட்டின் கிடைக்காத மூளை அப்படித்தான் துடிக்கும்.

சட்டத்துக்கு உட்பட்ட, பாதுகாப்பான நிக்கோட்டின் மாற்று இந்தியாவிலேயே இருக்கிறது. 2 மில்லி கிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இது தெரியாமல் மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, பாதியில் விடுபவர்கள் பலர். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை உண்டு. மருத்துவர் பார்த்து எழுதித் தரும் வரெனிக்லின், புப்ரோப்பியான் மாத்திரைகள் உண்டு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புகையிலை நிறுத்தச் சிகிச்சை வழிகாட்டி பரிந்துரைத்த மருந்துகளில் இவை எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் வேப் இல்லை. தேசிய இலவச உதவி எண் 1800-11-2356; சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்றை நடத்திய இடம்.

ஆனால் அடையாறு காரைக்காலிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் புகையை விடுவதற்காக யாரும் சென்னைக்குப் பஸ் ஏறப் போவதில்லை.

காரைக்காலால் வழிகாட்ட முடியும்

இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம். அரசு பொது மருத்துவமனையும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஜிப்மரின் காரைக்கால் கிளையும் இருக்கும் சிறிய ஊர். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாள் புகை நிறுத்த ஆலோசனை வைப்பது பெரிய செலவு இல்லை. நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இலவசமாகத் தரும் அதே ஜன்னலில் நிக்கோட்டின் பட்டையும் தர வேண்டும். காசநோய்க்கு மருந்து வாங்க வருபவரிடம் 'பீடி உண்டா' என்று கேட்டு, உண்டென்றால் அன்றே ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும்.

மீனவர் கிராமங்களுக்கு இயற்கையாகவே ஒரு காலம் வாய்த்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம். கிளிஞ்சல்மேட்டிலும், காரைக்கால்மேட்டிலும், பட்டினச்சேரியிலும் அந்த 61 நாளில் முகாம் போட்டு வாரந்தோறும் ஆட்களைப் பார்த்தால், கடலுக்குத் திரும்பும்போது பலர் பீடியில்லாமல் போவார்கள். பஞ்சாயத்தார் மனது வைத்தால் இது அடுத்த தடைக்காலத்திலேயே நடக்கும்.

பள்ளி, கல்லூரிப் பக்கம் வேறு அணுகுமுறை வேண்டும். வேப் விற்பவனைப் பிடிக்க வேண்டும்; இழுத்த பிள்ளையைப் பிடித்து அவமானப்படுத்தக் கூடாது. மாணவனின் பையில் வேப் சிக்கினால் அது ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயம். சிகரெட்டைச் சில்லறையாக விற்பதைத் தடுத்தால், பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் உள்ள எச்சரிக்கைப் படமும் உதவி எண்ணும் வாங்குபவர் கண்ணில் படும். தனிச் சிகரெட் வாங்கும் பிள்ளைக்கு அந்தப் படம் தெரிவதே இல்லை.

வேப்பிங் தடையை என்றாவது மறுபடி ஆராய்ந்து, எந்த வழியிலும் விட முடியாதவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் தரலாமா என்று நிபுணர்கள் விவாதிப்பதில் தவறில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். இன்று காரைக்காலில் கள்ளத்தனமாகக் கிடைக்கும் வேப்புக்கும், இங்கிலாந்து ஆய்வில் சோதிக்கப்பட்ட வேப்புக்கும் பெயர் மட்டுமே ஒன்று. அந்த ஆய்வின் நன்மையை எதிர்பார்த்து இதை இழுப்பவர் ஏமாந்துபோவார்.

பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004-இல் ஒரு கணக்கைச் சொன்னது. முப்பது வயதில் புகையை விட்டவர், இழந்திருக்க வேண்டிய பத்து வருடத்தையும் ஏறக்குறைய முழுசாக மீட்கிறார். நாற்பதில் விட்டால் ஒன்பது வருடம், ஐம்பதில் விட்டால் ஆறு, அறுபதில் விட்டாலும் மூன்று. இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்லும் பெரியவருக்கு இதுதான் பதில். அந்த மூன்று வருடத்தை அவருக்கு வாங்கித் தருவது அவர் குடும்பத்தின் ஆசை மட்டுமில்லை, அரசின் கடமையும்கூட. பீடி வாங்க எத்தனை அடி நடக்கிறாரோ, விடுவதற்கான மருந்தும் ஆலோசனையும் அத்தனை அடியில் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை காரைக்கால் மக்களுக்கு இருக்கிறது. கேட்க வேண்டிய நேரமும் இதுதான்.